‘எல்லாம் நல்லா இருக்குங்க’: ஆன்லைன் சர்வேயில் நாம் சொல்லும் பதிலை எப்படி அளக்கிறார்கள்?

இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். கொஞ்ச நாளில் போனுக்கு ஒரு லிங்க் வருகிறது. ‘சேவை எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுங்கள்’ என்று கேட்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? நம்மில் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஐந்தைத் தொட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சர்வர் கோளாறு என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டிருந்தாலும், ‘பாவம், அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு, எதுக்குக் குறைச்சுப் போடணும்?’ என்று மனசு சொல்லும்.

இது பொய் இல்லை, ஏமாற்றும் இல்லை. நம்ம ஊரில் இதற்குப் பெயர் மரியாதை. ஆனால் அந்த ஐந்து ஒரு கணினியில் போய்ச் சேர்கிறது. ஆயிரக்கணக்கான ஐந்துகள் சேர்ந்து, ‘இந்தப் பகுதியில் குறை எதுவும் இல்லை’ என்ற அறிக்கையாக மாறுகின்றன. சர்வர் கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது.

கேட்பவருக்குப் பிடித்த மாதிரி, அல்லது சமுதாயம் ‘இதுதான் சரி’ என்று நினைக்கிற மாதிரி பதில் சொல்வதை ஆய்வாளர்கள் ‘சமூக விருப்பச் சார்பு’ என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி ‘நல்லபேர் பதில்’ என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுக்க எல்லா நாட்டிலும் இது இருக்கிறது. ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை, ஒரே மாதிரியும் இல்லை. அதை எப்படி அளக்கிறார்கள், ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மடத்துக்குளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது மடத்துக்குளம். ஒரு பக்கம் அமராவதி பாசனத்தில் நெல், கரும்பு, தென்னை. இன்னொரு பக்கம் பேப்பர் மில், ஸ்பின்னிங் மில், திருப்பூர் பனியன் கம்பெனி வேலை. இப்படிப்பட்ட ஒரு ஊரில் ஒரே ஆளிடம் எத்தனை பேர் கேள்வி கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரசு கேட்கிறது. வங்கி கேட்கிறது. மகளிர் குழுவில் கேட்கிறார்கள். கம்பெனிக்கு ஆடிட் வந்தால், ‘ஓவர்டைம் சம்பளம் சரியாக வருகிறதா? சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசுகிறாரா?’ என்று வெளிநாட்டு பையர் சார்பாகக் கேட்கிறார்கள். இப்போது அதில் பலவும் போனுக்கே வந்துவிட்டன.

தையல் லைனில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு டீ டைமில் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கிறார். போனில் அவருடைய பெயர் கேட்கவில்லை. ஆனால் அந்த நம்பர் கம்பெனியில் கொடுத்த நம்பர்தான். அவர் என்ன பதில் தொடுவார்? கேள்வி சரியாக இருக்கிறது, மொழி தமிழில் இருக்கிறது, நெட்வொர்க்கும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பதில் உண்மையாக வருவதற்கான சூழல் அங்கே இல்லை. நல்லபேர் பதிலை அளப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று: கண்டுபிடித்த விதம்

மக்கள் நல்லபேர் பதில் சொல்கிறார்கள் என்று ஆய்வாளர்களுக்கு எப்படித் தெரிந்தது? சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

கொரோனா காலத்தில் கென்யாவில் ஒரு ஆய்வு நடந்தது. போனில் கேட்டபோது பொது இடத்தில் மாஸ்க் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டவர்கள் சுமார் 12 சதவீதம் பேர்தான். அதே பகுதியில் தெருவிலும் கடைவீதியிலும் நின்று பார்த்தபோது மாஸ்க் போடாமல் இருந்தவர்கள் சுமார் 90 சதவீதம் பேர்.

வங்கதேசத்தில் 2010-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. சோப்புக்கட்டிக்குள் அசைவை உணரும் சின்ன சென்சார் வைத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். சோப்பு எத்தனை முறை நகர்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். ஆய்வாளர் வந்து உட்கார்ந்து கவனித்த நாளில், சோப்பு நகர்ந்த எண்ணிக்கை மற்ற நாட்களைவிடச் சராசரியாக 35 சதவீதம் கூடியிருந்தது. விருந்தாளி இருக்கும்போது வீட்டை ஒதுங்க வைப்பது போலத்தான்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. கழிப்பறை இருக்கும் கிராமத்து வீடுகளில், யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. ‘உங்கள் வீட்டில் எல்லோரும் பொதுவாக எங்கே போவீர்கள்?’ என்று மொத்தமாகக் கேட்டது ஒரு விதம். ‘இவர் எங்கே போவார், அவர் எங்கே போவார்?’ என்று ஆள் ஆளாகக் கேட்டது இன்னொரு விதம். ஆள் ஆளாகக் கேட்டபோது, திறந்தவெளிக்குப் போவதாகச் சொன்ன அளவு சுமார் 20 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வந்தது. மொத்தமாகக் கேட்டால் குடும்ப கௌரவம் பேசும். ஆள் ஆளாகக் கேட்டால் தாத்தா வயலுக்குத்தான் போகிறார் என்ற விவரம் வெளியே வரும்.

இன்னொன்று. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011-12-ல் 42,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடந்தது. பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக்கான தேசிய கவுன்சிலும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. அதில் ‘உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா?’ என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களை அதோடு விட்டுவிடவில்லை. ‘பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினால் பரவாயில்லையா?’ என்று அடுத்த கேள்வி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை கடைப்பிடிப்பது தெரிந்தது. முதல் கேள்வியில் ‘தீண்டாமை’ என்ற வார்த்தை இருக்கிறது. அது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது கேள்வி சமையலறையைப் பற்றியது. அங்கேதான் உண்மை நழுவி வெளியே வருகிறது.

ஆன்லைனில் கேட்டால் உண்மை வருமா?

‘எதிரே ஆள் இல்லையே, போன்தானே, வெட்கம் எதற்கு?’ என்று தோன்றும். அது பாதி உண்மை.

2008-ல் வெளியான ஒரு ஆய்வில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் ஆள் போனில் பேசிக் கேட்டார். அடுத்த பகுதியினரிடம் பதிவு செய்த குரல் கேட்டது. மூன்றாவது பகுதியினர் இணையத்தில் பதில் சொன்னார்கள். படிக்கும்போது மோசமான மதிப்பெண் வாங்கினீர்களா என்பது போன்ற கேள்விகள். உண்மையான மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திடம் இருந்ததால் சரிபார்க்க முடிந்தது. சங்கடமான விவரத்தை அதிகமாக ஒத்துக்கொண்டதும், பதிவேட்டோடு அதிகமாக ஒத்துப்போனதும் இணையத்தில் பதில் சொன்னவர்கள்தான்.

ஆனால் 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு வேறு ஒன்றையும் சொன்னது. நல்லபேர் பதிலை அளக்கும் கேள்விப்பட்டியலைக் காகிதத்தில் நிரப்பினாலும் கணினியில் நிரப்பினாலும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் முரண் போலத் தெரியும், ஆனால் இல்லை. திரையா காகிதமா என்பது பெரிய விஷயமில்லை. எதிரே ஒரு ஆள் இருக்கிறாரா, பதில் யார் கைக்குப் போகும் என்று நாம் நினைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

நம்ம ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘தனியாக உட்கார்ந்து பதில் சொல்வார்’ என்று எண்ணித்தான் ஆன்லைன் சர்வேயை வடிவமைக்கிறார்கள். ஆனால் பல வீட்டில் ஒரே போன். அம்மாவுக்கு வந்த சர்வேயை மகன் நிரப்புகிறான். மாமியார் பக்கத்தில் இருக்க மருமகள் பதில் சொல்கிறாள். விடுதி அறையில் ஆறு பேர் சேர்ந்து ஒரே பதிலைத் தொடுகிறார்கள். திரைக்குப் பின்னால் ஆள் இல்லை என்றாலும், திரைக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்.

அளப்பதற்கு என்னென்ன கருவி?

முதல் கருவி, கேள்விப்பட்டியல். அமெரிக்க உளவியலாளர்கள் டக்ளஸ் கிரவுனும் டேவிட் மார்லோவும் 1960-ல் 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். சரி அல்லது தவறு என்று பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் பாராட்டும், ஆனால் யாராலும் எப்போதும் செய்ய முடியாத விஷயங்களைத்தான் அதில் கேட்பார்கள். நம்ம பாணியில் சொன்னால், ‘நான் யாரைப் பற்றியும் புறம் பேசியதே இல்லை’, ‘எனக்குக் கோபமே வந்ததில்லை’ என்பது மாதிரி. இதற்கெல்லாம் ஒருவர் வரிசையாக ‘சரி’ போட்டால், மற்ற கேள்விகளுக்கும் அவர் கொஞ்சம் மெருகேற்றித்தான் பதில் சொல்லியிருப்பார் என்று கணக்கு.

பிறகு கனடாவில் பணியாற்றிய டெல்ராய் பால்ஹஸ் இதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அடுத்தவரிடம் நல்லபேர் வாங்கத் தெரிந்தே மெருகேற்றுவது. மற்றது, தன்னைப் பற்றித் தானே உயர்வாக நம்பிக்கொண்டு சொல்வது. முதல் வகை ஆளுக்கு உண்மை தெரியும், சொல்லமாட்டார். இரண்டாம் வகை ஆளுக்கு, தான் சொல்வதுதான் உண்மை.

இரண்டாவது கருவி, நாணயம். ஸ்டான்லி வார்னர் 1965-ல் சொன்ன யோசனையிலிருந்து வளர்ந்தது. இதன் எளிய வடிவத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். 200 பேரிடம், ‘கடந்த ஆண்டு ஏதாவது ஒரு வேலைக்கு லஞ்சம் கொடுத்தீர்களா?’ என்று கேட்கிறோம். பதில் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரும் மறைவாக நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஆமாம்’ சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘ஆமாம்’ என்றால் அது தலை விழுந்ததாலா, லஞ்சம் கொடுத்ததாலா என்று யாருக்கும் தெரியாது. அவர் பத்திரம். ஆனால் 200 பேரில் சுமார் 100 பேருக்குத் தலை விழும், அது 100 ‘ஆமாம்’. மொத்தம் 140 ‘ஆமாம்’ வந்தால், மீதி 40 பூ விழுந்த 100 பேரிடமிருந்து வந்தது. ஆக, லஞ்சம் கொடுத்தவர்கள் சுமார் 40 சதவீதம். தனி ஆளின் ரகசியம் வெளியே வராமல் ஊரின் நிலவரம் வெளியே வந்துவிடுகிறது.

மூன்றாவது கருவி, எண்ணிக்கைப் பட்டியல். பாதிப் பேருக்கு நான்கு சாதாரண விஷயங்களைக் கொடுத்து, ‘இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும்? எது என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்’ என்று கேட்பார்கள். மீதிப் பேருக்கு அதே நான்கோடு சங்கடமான ஐந்தாவது விஷயத்தையும் சேர்ப்பார்கள். முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாம் குழுவின் சராசரி 2.4 என்று வந்தால், அந்த 0.3 வித்தியாசம் ஐந்தாவது விஷயத்தால் வந்தது. அதாவது, சுமார் 30 சதவீதம் பேருக்கு அது பொருந்துகிறது.

நான்காவது கருவி, கேள்வியையே மென்மையாக்குவது. கொரோனா காலத்தில் 12 நாடுகளில் ஆன்லைனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த முடிவு 2021-ல் வெளியானது. சிலரிடம் விதியைக் கடைப்பிடித்தீர்களா என்று நேராகக் கேட்டார்கள். மற்றவர்களிடம், ‘இந்த விதிகளை அப்படியே பின்பற்றுவது சிலருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது’ என்ற பொருளில் முன்னுரை சொல்லி, ‘சில நேரம் முடிந்தது, சில நேரம் முடியவில்லை’ என்பது போல நடுவில் ஒரு வழியும் விட்டார்கள். அப்படிக் கேட்டபோது மீறியதை ஒத்துக்கொண்டவர்கள் கூடினார்கள். குற்ற உணர்வைக் குறைத்தால் உண்மை கூடுகிறது.

எந்தக் கருவியும் முழுமையானது இல்லை. நாணயம் சுண்டச் சொன்னால், ‘நான் லஞ்சமே கொடுக்கல, எதுக்கு ஆமாம்னு சொல்லணும்?’ என்று தலை விழுந்தும் ‘இல்லை’ சொல்பவர்கள் உண்டு. எண்ணிக்கைப் பட்டியலுக்கு நிறைய ஆட்கள் வேண்டும். அதனால்தான் நல்ல ஆய்வுகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் சரிபார்க்கின்றன.

நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது?

ஒரே கேள்விப்பட்டியலைப் பத்து மொழியில் மொழிபெயர்த்து, பத்து நாட்டுக்கு லிங்க் அனுப்புவது இன்று ஒரு நாள் வேலை. வந்த எண்களை ஒப்பிடுவதில்தான் சிக்கல்.

முதல் சிக்கல், கேள்வியே ஊருக்குப் பொருந்தாமல் போவது. மேலே சொன்ன 33 வாக்கியப் பட்டியலில், வீட்டில் சாப்பிடும்போதும் ஹோட்டலில் சாப்பிடும்போதும் மேஜை நாகரிகம் ஒரே மாதிரி இருக்கிறதா என்ற பொருளில் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அது ஒருவர் தன்னை மெருகேற்றுகிறாரா என்று சோதிக்கும் கேள்வி. நம்ம ஊரில் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடும் வீட்டில், அது என்ன கேள்வி என்றே புரியாது. இரண்டு நாட்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்தால், நாம் ஒப்பிடுவது நேர்மையை அல்ல, சாப்பாட்டுப் பழக்கத்தை.

இரண்டாவது, உபசாரம். 1963-லேயே எமிலி ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கருத்துக்கணிப்புகளைப் பற்றி எழுதும்போது, கேட்க வந்தவரின் மனம் கோணக் கூடாது என்று நல்ல பதிலாகச் சொல்லும் பழக்கத்தைக் குறிப்பிட்டார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கும் நம் கொங்குப் பகுதிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘ஏனுங்க, அவ்வளவு தூரம் வந்திருக்காங்க, இல்லைன்னு எப்படிங்க சொல்றது?’

மூன்றாவது, எந்த வகை மெருகு என்பது. 2006-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொடரின்படி, குடும்பம், கூட்டம், ஊர் என்று சேர்ந்து வாழ்வதற்கு முக்கியத்துவம் தரும் பண்பாடுகளில் அடுத்தவரிடம் நல்லபேர் வாங்கும் வகை அதிகம். தனிமனிதருக்கு முக்கியத்துவம் தரும் பண்பாடுகளில் தன்னைத்தானே உயர்வாக நம்பும் வகை அதிகம். ஆக, ‘அவர்கள் நேர்மையானவர்கள், நாம் மெருகேற்றுபவர்கள்’ என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் மெருகேற்றுகிறோம், வழிதான் வேறு.

நான்காவது, பணமும் பாதுகாப்பும். பல நாடுகளின் ஆளுமைத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்ட 2002 ஆய்வு ஒன்றில், நல்லபேர் பதிலைக் காட்டும் அளவு வசதியான நாடுகளில் குறைவாக இருந்தது. இதை ‘ஏழை நாட்டுக்காரர் பொய் சொல்கிறார்’ என்று படிப்பது தப்பு. ரேஷன் கடைக்காரர், மேஸ்திரி, வார்டு உறுப்பினர் என்று நாலு பேரின் நல்லெண்ணத்தை நம்பி வாழும் ஒருவருக்கு, யோசித்துப் பேசுவது புத்திசாலித்தனம். வேலை போனாலும் சமாளிக்கலாம் என்று இருப்பவர் தைரியமாகக் குறை சொல்லலாம்.

ஐந்தாவது, எதிர்பார்ப்பு. அமர்த்தியா சென் 2002-ல் எழுதிய ஒரு கட்டுரையில் காட்டியது இது. ஆயுட்காலம் அதிகமான கேரளாவில், தங்களுக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அதிகம். சுகாதாரத்தில் பின்தங்கியிருந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. பீகார் ஆரோக்கியமானது என்று அர்த்தமில்லை. மருத்துவமனையும் படிப்பும் கிடைத்த இடத்தில் நோயை நோய் என்று அடையாளம் காண்கிறார்கள். இது நல்லபேர் பதில் இல்லை. ஆனால் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே மாதிரி ஏமாற்றும்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. 2004-ல் கேரி கிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சீனாவிலும் மெக்சிகோவிலும் ஒரு ஒப்பீட்டைக் காட்டினார்கள். அரசின் முடிவுகளில் உங்கள் குரலுக்கு எவ்வளவு மதிப்பு என்று நேராகக் கேட்டபோது, சீனர்கள் கொடுத்த மதிப்பெண் அதிகம். பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கதைகளைக் கொடுத்து, கதையில் வருபவரின் நிலையை மதிப்பிடச் சொன்னார்கள். அந்த அளவுகோலை வைத்துத் திருத்தியபோது முடிவு தலைகீழானது.

இதையே தண்ணீருக்குச் செய்து பாருங்கள். ‘ஒரு வீட்டில் மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வருகிறது. இது நல்ல சேவையா?’ மடத்துக்குளத்தில் ஒருவர் ‘நல்லது’ என்பார். ஜெர்மனியில் ஒருவர் ‘மிக மோசம்’ என்பார். இது தெரிந்த பிறகுதான், இருவரும் தங்கள் வீட்டுத் தண்ணீருக்குக் கொடுத்த நான்கு நட்சத்திரத்தை ஒப்பிட முடியும்.

இதே கணக்கு பனியன் கம்பெனிக்கும் பொருந்தும். ஒரே பையர் ஒரே சர்வேயைப் பல நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினால், குறை அதிகம் வந்த தொழிற்சாலை மோசமானது என்று அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. ஒருவேளை அங்கே தொழிலாளர்களுக்குப் பேசத் தைரியம் இருக்கலாம். குறையே வராத தொழிற்சாலையைத்தான் இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும். திருப்பூரில் ஒடிசா, பீகார் மாநிலத்தவரும் வேலை செய்கிறார்கள். கேள்வி அவர்கள் மொழியில் இல்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவர் சொல்கிற பதில்தான் பதிவாகும்.

அரசு கேட்கும்போது

நகரங்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற அமைச்சகம் வெளியிட்ட 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் 111 நகரங்கள் இருந்தன. அதில் 30 சதவீத மதிப்பு மக்கள் கருத்துக்கணிப்புக்குக் கொடுக்கப்பட்டது. சுமார் 32 லட்சம் பேர் ஆன்லைனிலும் நேரிலும் பதில் சொன்னார்கள். நாம் தொடும் ஒரு பொத்தான் ஒரு நகரத்தின் தரவரிசையையே நகர்த்தும் என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில் 2024 மார்ச் 6 அன்று ‘நீங்கள் நலமா’ திட்டம் தொடங்கப்பட்டது. முதலமைச்சர், அமைச்சர்கள், அதிகாரிகள் பயனாளிகளைப் போனில் அழைத்து, திட்டம் சரியாக வந்து சேர்கிறதா என்று கேட்கும் திட்டம். இவ்வளவு பெரிய இடத்திலிருந்து போன் வந்தால் நம் வாயில் முதலில் வருவது ‘நல்லா இருக்கேனுங்க, ஒரு குறையும் இல்லீங்க’ என்பதுதான். ஆனால் அந்தப் போன் வருவதன் நோக்கமே குறையைக் கேட்பது. நன்றியை முதலில் சொல்லுங்கள், தப்பில்லை. அடுத்த வாக்கியத்தில் குறையையும் சொல்லிவிடுங்கள்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்னொரு மாற்றம். இது நாட்டின் முதல் டிஜிட்டல் கணக்கெடுப்பு. விருப்பப்பட்டவர்கள் குடும்ப விவரத்தை இணையத்தில் தாங்களே பதிவு செய்யும் வசதியும் உண்டு. வாசலில் ஆள் நிற்காதபோது கழிப்பறை, குடிநீர், படிப்பு, மாற்றுத்திறன் பற்றிய விவரங்களை உள்ளபடி பதிவது எளிது. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் கொடுத்த விவரம் ரகசியம். அதை நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனத்தில் வையுங்கள். உதவித்தொகை விண்ணப்பம் வேறு, சர்வே வேறு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. அங்கே நீங்கள் எழுதுவது உறுதிமொழி, அதை ஆவணத்தோடு சரிபார்ப்பார்கள். கருத்துக்கணிப்பில் அப்படி இல்லை. ‘தண்ணீர் வரவில்லை’ என்று சொன்னால் உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலிருந்தும் போய்விடாது. இந்தக் குழப்பத்தால்தான் பலர் சர்வேயிலும் பயந்து பதில் சொல்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. முதலில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். துறையின் பெயர், நோக்கம், பதிலை என்ன செய்வார்கள் என்பது இருக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன் அடிப்படையே, நோக்கத்தைச் சொல்லி சம்மதம் வாங்குவதுதான்.

2. உண்மையான சர்வேக்கு வங்கியிலிருந்து வரும் ஓடிபி, வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் பின் எதுவும் தேவையில்லை. கேட்டால் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

3. தனியாக இருக்கும்போது பதில் சொல்லுங்கள். கம்பெனியில் வைத்து நிரப்பச் சொன்னால், லிங்க் செயல்பாட்டில் இருக்கும்வரை வீட்டுக்குப் போய் நிரப்பலாமா என்று கேளுங்கள்.

4. ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக எண் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆனது, எத்தனை முறை அலைந்தீர்கள், எத்தனை ரூபாய் செலவானது. எண்ணுக்கு மெருகு போடுவது கஷ்டம்.

5. ஆளையும் சேவையையும் பிரித்துப் பாருங்கள். கவுன்டரில் இருந்தவர் அன்பாகப் பேசினார் என்பதும், சர்வர் மூன்று நாள் வேலை செய்யவில்லை என்பதும் இரண்டு தனித்தனி உண்மைகள். கருத்து எழுதும் பெட்டியில் இரண்டையும் எழுதலாம்.

6. பெரியவர்களுக்காக நீங்கள் நிரப்பினால், கேள்வியை வாசித்துக் காட்டி அவர்கள் சொல்வதைத் தொடுங்கள். உங்கள் ஊகத்தைத் தொட வேண்டாம்.

7. தெரியாத கேள்விக்கு ‘தெரியாது’ என்று சொல்வதும் ஒரு நேர்மையான பதில்தான்.

சர்வே நடத்தும் அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. பயனாளியின் பதிலைச் சேவை கொடுத்த அதே ஊழியரை விட்டே வாங்கச் சொல்லாதீர்கள். ‘திருப்தியா?’ என்று கேட்பதைவிட ‘எத்தனை முறை வந்தீர்கள்?’ என்று கேளுங்கள். நூற்றுக்கு நூறு திருப்தி என்று வந்தால் பாராட்டுவதற்கு முன், கேள்வியையும் கேட்ட இடத்தையும் ஒரு முறை சரிபாருங்கள்.

சர்வே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, பஸ் நிற்காமல் போகிறது, சான்றிதழ் தாமதமாகிறது என்றால் முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-ஐ நீங்களே அழைக்கலாம். அடுத்த முறை போனில் ஐந்து நட்சத்திரம் வந்து நின்றால், சேவை உண்மையிலேயே நன்றாக இருந்தால் ஐந்தையும் தாராளமாகக் கொடுங்கள். மூன்றுதான் தகுதி என்றால் மூன்று கொடுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எங்களுக்குக் காட்டுவது அந்தக் கொடுக்காத இரண்டு நட்சத்திரம்தான்.